பூரி மேல போட்ட பழி

எம்புட்டு குடிச்சீங்க? ரெண்டு பாட்டிலா? பத்தாது சார். அந்தக் கவுண்டர்ல இருக்கிற பொண்ணு மூஞ்சியப் பாத்தே சொல்லிரும், "ஸ்கேனுக்கு இன்னும் நெறையலை, தண்ணி குடிச்சிட்டு உக்காருங்க"ன்னு. நானும் காலையிலேருந்து குடிக்கிறேன். நெறையவும் செய்யணுமாம், சிந்தவும் கூடாதாம். அறுபத்தொம்போது வயசுல ஆகுற காரியமா இது?

உங்களுக்கு என்ன, கிட்னியில கல்லா? கல்லுன்னா கௌரவமான வியாதி சார். கல்யாண வீட்டுல பந்தியில உக்காந்துக்கிட்டே சொல்லலாம், "எனக்குக் கல்லு, தக்காளி வேண்டாம்"னு. என் கேஸ் அப்படி இல்ல. நான் இங்க வந்து உக்காந்ததுக்குக் காரணம் ஒரு நாய். கடிச்சுச்சான்னு கேக்காதீங்க. கடிச்சா ஊசி போடுவாங்க, ஸ்கேனா எடுப்பாங்க?

எம்பேரு சோணைமுத்து. டவுன் பஸ்ல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். மேலூர், திருமங்கலம், அழகர்கோயில், எந்த ரூட்டுல வேணா கேளுங்க, செக்கர் சோணைமுத்துன்னா தெரியும். பஸ்ஸுல கால் வச்ச உடனே சொல்லிருவேன், எவன் டிக்கெட் எடுக்கலைன்னு. எடுக்காதவன் ஜன்னல் வழியா வெளிய பாப்பான், மதுரையையே அன்னிக்குத்தான் புதுசாப் பாக்குற மாதிரி. எடுத்தவன் என்னைய மொறைப்பான். பொய் சொல்ற மூஞ்சி எங்கிட்டத் தப்பினதே இல்ல சார், இன்னிக்கு வரைக்கும்.

வீட்டுல நாங்க மூணு பேரு. நான், மருமக வினோதினி, நாய். மகன் கதிரவன் மஸ்கட்ல இருக்கான். என் வீட்டுக்காரி போய்ச் சேந்து நாலு வருஷம் ஆச்சு. மருமகதான் என்னைய இங்க கூட்டிட்டு வந்தது. வண்டியை நிழல்ல விடப் போயிருக்கா, அவ வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிருறேன். ஸ்கூல்ல பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறா. படிப்பு நெறைய உண்டு. ஆனா உலக விவரம் கொஞ்சம் கம்மி. எதைச் சொன்னாலும் நம்பிரும், பாவம். அவ கதை இருக்கட்டும், நாய்க்கு வருவோம்.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி கல்யாணம். சீர் சாமான் வேன் வந்து நின்னுச்சு. பீரோ எறங்குச்சு, கட்டில் எறங்குச்சு, குத்துவிளக்கு எறங்குச்சு. கடைசியா ஒரு நாய் எறங்குச்சு. பாதி பொமரேனியன், பாதி எங்க தெரு. குட்டியில உப்பலா இருந்துச்சாம், அதனால பேரு பூரி. நான் வாசல்ல நின்னு "பூரி, பூரி"ன்னு கூப்பிட்டா, எதுத்த வீட்டுக்காரன் காலைப் பலகாரம் விக்கிறவன் வந்துட்டான்னு எட்டிப் பாப்பான். "பொண்ணைத்தானே கேட்டோம், இது என்ன?"ன்னு நான் குதிச்சேன். என் வீட்டுக்காரி என்ன செஞ்சா தெரியுமா? பொண்ணுக்கு எடுத்த ஆரத்தியை அப்படியே நாய்க்கும் ஒரு சுத்து சுத்தி, நெத்தியில பொட்டு வச்சு உள்ள விட்டா.

ஆனா ஒண்ணு ஒத்துக்கணும் சார். சுத்தத்துல அதை அடிச்சுக்க ஆளில்ல. ஒண்ணுக்கு வந்தா வாசக்கதவுகிட்டப் போயி "ம்க்கும்"னு ஒரு கனைப்பு. கதவைத் தெறந்துவிட்டா நேரா முனைக் குப்பைத்தொட்டிக்குப் பின்னால போயி, காரியத்தை முடிச்சிட்டு, மண்ணைத் தள்ளிவிட்டுட்டு வரும். எங்க தெருவுல பாதி ஆம்பளைகளுக்கு அந்த ஒழுக்கம் கெடையாது.

அப்படிப்பட்ட நாயி, போன கார்த்திகையில வீட்டுக்குள்ள ஒண்ணுக்குப் பேய ஆரம்பிச்சிருச்சு. படுத்து எந்திரிச்ச எடத்துல ஒரு தோசை அளவுக்கு ஈரம். மொத நாள் மழைத் தண்ணி ஒழுகுதுன்னு நெனைச்சு நான் ஓட்டையைத் தேடி மேல பாத்துக்கிட்டிருந்தேன். ரெண்டாம் நாளு மோந்து பாத்தோம், விஷயம் தெரிஞ்சுபோச்சு. பக்கத்து வீட்டு வாத்தியார் சொன்னாரு, "நாய்க்கு வன்மம் வந்தா இப்படித்தான்." நான் ஒரு படி மேல போயிட்டேன். "எலும்பு போடுறதைக் கொறைச்சோம்ல, அதுக்குப் பழி வாங்குது"ன்னு தீர்ப்பே சொல்லிட்டேன். பேப்பரைச் சுருட்டி முதுகுல ரெண்டு போட்டும் விட்டேன்.

வினோதினி ஓடி வந்து பேப்பரைப் புடுங்கிட்டா. "அடிக்காதீங்க மாமா. பன்னெண்டு வயசு வரைக்கும் பண்ணாததை இப்பப் பண்ணுதுன்னா, உள்ள என்னமோ சரியில்லன்னு அர்த்தம். அது என்ன, வாயைத் தெறந்து சொல்லவா முடியும்?"

நாய் டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போனோம். ஹெப்சிபான்னு பேரு, முப்பத்தஞ்சு வயசு இருக்கும். வந்த நாயை விட்டுட்டு வந்த மனுசங்களைக் குறுக்கு விசாரணை பண்ற ரகம். "தண்ணி கூடக் குடிக்குதா? எத்தனை தடவை வெளிய போகுது? முக்குதா? ரத்தம் தெரியுதா? படுத்த எடத்துல ஈரமா, நடக்கிற எடத்துலயா?" என் சர்வீஸ்ல நான் கூட அம்புட்டுக் கேள்வி கேட்டதில்ல. சர்க்கரை இருந்தா இப்படி ஆகலாமாம், கிட்னி கெட்டா ஆகலாமாம், மூத்திரப்பையில கிருமி இருந்தாலும் ஆகலாமாம், மூட்டு வலிச்சு எந்திரிக்க முடியாட்டியும் ஆகலாமாம். சில நாய்க்கு வயசாகி மறதி வந்து, கதவு எங்க இருக்குன்னே மறந்துபோகுமாம். "காலையில மொத ஒண்ணுக்கைப் புடிச்சுக் கொண்டு வாங்க"ன்னுட்டாங்க.

நாய்கிட்டப் போயி "இந்தா டப்பா"ன்னு நீட்ட முடியுமா? மருமக ஸ்கூலுக்குக் கெளம்பிக்கிட்டிருக்கா. பொறுப்பு எனக்கு வந்துச்சு. ஒரு நீளமான கொழம்புக் கரண்டியை எடுத்துக்கிட்டுத் தெருவுல அது பின்னாடியே போறேன். அது குத்தவைக்கும், நான் கரண்டியை நீட்டுவேன், அது திரும்பி என்னைய ஒரு பார்வை பாத்துட்டு எந்திரிச்சுப் போயிரும். மறுபடியும் குத்தவைக்கும். பால்காரன் சைக்கிளை நிறுத்திட்டு வேடிக்கை பாக்கிறான். முப்பத்தோரு வருஷம் காக்கி போட்டவன் சார் நானு. நாலாவது தடவைதான் புடிச்சேன். அந்தக் கரண்டி அதோட எங்க வீட்டை விட்டுப் போயிருச்சு.

சோதிச்சாங்க. சர்க்கரை இல்ல, கிட்னி நல்லாருக்கு, கிருமி இல்ல. டாக்டரம்மா சொன்னாங்க: "கருத்தடை ஆபரேஷன் பண்ணின பொட்டை நாய்களுக்கு வயசானா மூத்திரப்பை வாசல்ல இருக்கிற தசை தளர்ந்துரும். தூங்கும்போது தன்னால கசியும். கசியுறது அதுக்கே தெரியாது. எந்திரிச்சுப் பாத்தா ஈரம், அதுக்கும் வெக்கமாத்தான் இருக்கும். தயவுசெஞ்சு வையாதீங்க."

மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. மூணே வாரம். சொட்டு கெடையாது. பூரி பழையபடி வாசல்ல கனைக்க ஆரம்பிச்சிருச்சு. கதை அங்கயே முடிஞ்சிருக்கணும்.

முடியலை. ஏன்னா எனக்கு ஆரம்பிச்சிருச்சு.

சிரிக்காதீங்க சார், வயித்துல தண்ணி இருக்கு, உங்களுக்குத்தான் ஆபத்து.

பொங்கல் முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். சனிக்கிழமை மத்தியானம் டிவி பாத்துக்கிட்டிருந்தேன். ஒண்ணுக்கு வந்துச்சு, எந்திரிச்சேன். என் சேர்லேருந்து பாத்ரூமுக்குப் பதினாலு எட்டு. ஒம்போதாவது எட்டுல, எறங்க வேண்டிய ஸ்டாப்பு வர்றதுக்கு முன்னாடியே ஆள் எறங்கிருச்சு. நடு ஹால்ல நிக்கிறேன். கீழ ஒரு கொளம். பக்கத்துல பூரி படுத்துக்கிட்டு, தலையைத் தூக்கி என்னையும் கொளத்தையும் மாத்தி மாத்திப் பாக்குது. நான் விறுவிறுன்னு உள்ள போயி வேட்டியை மாத்திட்டு, துணியை எடுத்துட்டு வர்றேன், வினோதினி ஹால்ல நிக்கிறா. ஸ்கூல் அரை நாள் போல.

"அய்யோ பூரி, மறுபடியுமா?"ன்னா.

நான் பொய் சொல்லல சார். அதை நல்லாக் கேட்டுக்கங்க. வாயைத் தெறக்கலை, அம்புட்டுதான். பூரி காதைத் தொங்கப்போட்டுக்கிட்டு அப்படியே தரையில ஒட்டிப் படுத்துச்சு. ஒத்துக்கிட்ட மாதிரியே இருந்துச்சு. அதுவே ஒத்துக்கிட்டப்ப நான் எதுக்கு நடுவுல போறேன்?

ஈர வேட்டியை நானே தொவைச்சுக் கொடியில போட்டேன். "என்ன மாமா, நீங்களே தொவைக்கிறீங்க?"ன்னு கேட்டா. "சும்மா உக்காந்தா கை மரத்துப்போகுதும்மா, ஒரு உடற்பயிற்சி"ன்னேன். "நல்லது மாமா"ன்னுட்டா. அப்படியே நம்பிட்டா.

ஏன் சொல்லலைன்னு கேப்பீங்க. எங்க பெரியண்ணன் ஒருத்தரு இருந்தாரு சார். ஊருல பெரிய சண்டியர். கடைசி ரெண்டு வருஷம் அவருக்கு இதே தொந்தரவு. பெத்த மகன், வீட்டுக்குப் பின்னாடி ஆடு கட்டுற கொட்டகையில கட்டிலைப் போட்டுட்டான். நான் பாக்கப் போனப்ப பேத்தி ஒருத்தி மூக்கைப் பொத்திக்கிட்டு தட்டை வச்சு, காலால உள்ள தள்ளிவிட்டா. காலால சார். அண்ணன் என்னையப் பாத்துட்டு, "இங்கதான் காத்தோட்டமா இருக்குடா"ன்னாரு. அன்னிக்கு நான் பஸ்ல திரும்பி வர்றப்ப நெனைச்சேன், கால் போனாலும் சரி, கண்ணு போனாலும் சரி, இது மட்டும் வரக் கூடாதுன்னு. வந்துருச்சு.

அப்புறம் வாரத்துக்கு ரெண்டு, மூணுன்னு ஆச்சு. இருமினா வருது. தும்மினா வருது. டிவில நல்ல காமெடி போட்டா நான் சேனலை மாத்திருவேன். வந்த எடத்துல பூரியைக் கூப்பிட்டுப் படுக்க வைப்பேன். கூலி ஒரு பிஸ்கட். பொய்ச் சாட்சிக்கு லஞ்சம்னு வச்சுக்கங்களேன். அதுவும் சூதானமான நாயி, ரெண்டு வாரத்துல பழகிக்கிச்சு. நான் ஹால்ல பாதியில நின்னுட்டேன்னா, எங்க இருந்தாலும் எந்திரிச்சு வந்து, ஈரத்துக்குப் பக்கத்துல படுத்துக்கிட்டு, பிஸ்கட்டுக்கு வாயைத் தெறந்து காத்திருக்கும். வினோதினி வந்து "ஏம்மா இப்படிப் பண்ற"ன்னு கேக்கிறப்ப, பிஸ்கட்டுத் தூள் அதோட மூக்குல இருக்கும். அவ அதைத் தொடச்சு விடுவா. அதுலேருந்துகூட அவளுக்கு ஒண்ணும் தோணலை பாருங்க.

டாக்டருகிட்ட போன்ல கேட்டிருக்கா. எங்கெங்க பேயுதுன்னு குறிச்சு வைக்கச் சொன்னாங்களாம். இவ ஒரு கிராஃப் தாள்ல வீட்டை வரைஞ்சு, கொளம் வந்த எடத்துலயெல்லாம் சிவப்புப் பேனாவுல புள்ளி வச்சா. எட்டிப் பாத்தேன். எல்லாப் புள்ளியும் என் சேர்லேருந்து பாத்ரூம் வரைக்கும் ஒரே நேர்கோடு. பஸ் ரூட் போட்ட மாதிரி.

"பாத்தீங்களா மாமா, நேர்கோடா வருது"ன்னா.

"அதுக்கு என் மேல பாசம்மா. என் காலடியிலயே சுத்துதுல்ல"ன்னேன்.

கொஞ்ச நேரம் தாளையே பாத்தா. "ஆமா மாமா, அதான் போல"ன்னு மடிச்சு வச்சுட்டா. இயற்பியல் டீச்சர் சார்!

மறுநாள் என் சேரைத் தூக்கிப் பாத்ரூமுக்குப் பக்கத்துல போட்டுட்டா. "அங்க ஜன்னல் வெளிச்சம் உங்க கண்ணுல அடிக்குது மாமா"ன்னா. எனக்கு அடிக்கவே இல்ல. சரி, சின்னப் பொண்ணு ஆசைப்படுதுன்னு உக்காந்தேன். அஞ்சே எட்டுதான். நாய் பேயுறது பாதியாக் கொறைஞ்சுபோச்சு. அடுத்து, நாய் என் கட்டில்ல ஏறும்னு சொல்லி, மெத்தை மேல ரப்பர் விரிப்பை விரிச்சா. பூரிக்குக் கட்டில்ல ஏறுற வயசா? தரையிலேருந்து எந்திரிக்கவே அதுக்கு ரெண்டு தவணை வேணும். எனக்கு வசதியாத்தான் இருந்துச்சு.

பங்குனி மாசம் ஒரு திங்கக்கிழமை, எனக்குக் காப்பியைக் கொடுத்துட்டு முன்னாடி நின்னா.

"மாமா, மாத்திரை கேக்கலைன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. வியாழக்கிழமை பூரிக்கு மயக்கம் கொடுத்து, உள்ள குழாய் விட்டுப் பாக்கணுமாம். பன்னெண்டு வயசு நாய். மயக்கம் கொடுத்தா திரும்பித் தெளியும்னு உறுதி சொல்ல முடியாதாம்."

நாயைப் பாக்கவே இல்ல சார். என் மூஞ்சியப் பாத்தே சொல்றா.

"வேற எதாச்சும் காரணம் இருந்தா இப்பவே தெரிஞ்சா நல்லதுன்னாங்க. உங்களுக்கு எதும் தோணுதா மாமா?"

"எனக்கென்னம்மா தோணும்? நான் என்ன டாக்டரா?"ன்னேன். ஜன்னல் வழியா வெளிய பாத்துக்கிட்டே சொன்னேன். "சரி மாமா"ன்னு அடுப்படிக்குப் போயிட்டா.

அந்த மூணு நாளு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை, சொல்லிருவோம்னு அடுப்படி வரைக்கும் போனேன். "என்ன மாமா?"ன்னா. "உப்பு சரியா இருக்கான்னு பாக்க வந்தேன்"ன்னுட்டுத் திரும்பிட்டேன். புதன்கிழமை ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காம இருந்து பாத்தேன். ஈரம் வரலைன்னா ஆபரேஷனைத் தள்ளி வைப்பாங்கல்ல? சாயங்காலம் தலை சுத்தி உக்காந்துட்டேன். அப்ப ஒரு தும்மல் வந்துச்சு. எல்லாம் போச்சு.

வியாழக்கிழமை காலையில பூரிக்குப் பச்சைத்தண்ணி கொடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. வெறும் வயித்துல இருக்கணுமாம். அதுக்கு என்ன தெரியும்? தட்டைக் கவ்விக்கிட்டு வந்து என் காலடியில வச்சிச்சு. வினோதினி முன்னாடி போயி வச்சிருக்கலாம், அவதான் சோறு போடுறவ. எங்கிட்ட வந்து வச்சிட்டு, நிமிந்து பாக்குது. எந்தத் தப்பும் பண்ணாம, எனக்காகத் தலையைத் தொங்கப்போட்டு நின்ன ஜீவன் சார் அது. நான் அடிச்ச ரெண்டு அடிக்கும் திருப்பிக் கடிக்காதது. இப்ப என் மூத்திரத்துக்காக அதுக்கு மயக்க ஊசி.

ஆட்டோவுல போனோம். பூரி என் மடியில. ஆஸ்பத்திரியில டாக்டரம்மா கையுறை மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. மேசை மேல ஏத்தியாச்சு. அப்பப் பாத்து வினோதினி "ஹலோ"ன்னு போனைக் காதுல வச்சுக்கிட்டு வெளிய போயிட்டா. போன் அடிச்சது என் காதுல விழவே இல்ல. எனக்குக் காது மந்தம் போல. எப்படியோ, நல்ல நேரம்னு நெனைச்சேன்.

"டாக்டரம்மா, ஊசியை நிறுத்துங்க"ன்னேன்.

"ஏன் சார்?"

"பேஞ்சது அது இல்ல."

"பின்ன யாரு?"

"வீட்டுல நாங்க மூணு பேருதான். பூரி இல்ல. மருமக இல்ல. மிச்சம் யாருன்னு நீங்களே பாத்துக்கங்க."

சொல்லிட்டு நான் கண்ணை மூடிக்கிட்டேன். சிரிப்பாங்கன்னு நெனைச்சேன், மூக்கைப் பொத்துவாங்கன்னு நெனைச்சேன். கண்ணைத் தெறந்தா, கையுறையைக் கழட்டிக்கிட்டிருக்காங்க.

"எத்தனை மாசமா சார்?"

"தை மாசத்துலேருந்து."

"பூரிக்குச் சொன்னதேதான் சார் உங்களுக்கும். ஆம்பளைகளுக்கு வேற சுரப்பி, வேற காரணம், ஆனா விஷயம் ஒண்ணுதான். வயசானா வாசல் தளரும், இல்லன்னா அடைக்கும். இதுல தப்பும் இல்ல, அசிங்கமும் இல்ல. வைத்தியம் இருக்கு. மனுச டாக்டருகிட்டப் போகணும், என்கிட்ட வந்தா நான் உங்க எடையைத்தான் போடுவேன்."

அந்த இடத்துல எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. பினாயில் நெடி அங்க கொஞ்சம் சாஸ்தி. "டாக்டரம்மா, இது என் மருமகளுக்கு மட்டும் தெரியக் கூடாது"ன்னேன். "என் வாயிலேருந்து வராது சார், சத்தியம்"னாங்க. மேசை டிராயரைத் தெறந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தாங்க. மூத்திரச் சிக்கல் பாக்கிற டாக்டர் பேரு, இந்த ஸ்கேன் எடுக்கிற எடம், நேரம், என் பேரு எல்லாம் எழுதி ரெடியா இருந்துச்சு. எப்படிப்பட்ட கெட்டிக்காரி பாருங்க! நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எழுதி முடிச்சிருக்காங்க. அவங்க பேனாவை எடுத்ததை நான் பாக்கவே இல்ல.

வினோதினி உள்ள வந்தா. கண்ணு சிவந்திருந்துச்சு. போன்ல யாரோ என்னமோ சொல்லியிருக்கணும், நான் கேட்டுக்கலை. டாக்டரம்மா கூசாமச் சொல்றாங்க: "பூரிக்கு ஆபரேஷன் வேண்டாம். அது நல்லாருக்கு. ஆனா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போகணும். தனியாப் போனா அதுக்குப் பயம், துணைக்கு சாரும் பாத்ரூமுக்குப் போயிட்டு வரட்டும். சாயங்காலத்துக்கு மேல டீ, காப்பி வாசனையே அதுக்கு ஆகாது, சாரும் குடிக்க வேண்டாம். வழியில ஒரு சின்ன லைட்டைப் போட்டு வைங்க."

"சரி டாக்டர்"னு ஒண்ணு விடாம எழுதிக்கிட்டா. காப்பி வாசனைக்கும் நாய் மூத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்னு ஒரு வார்த்தை கேக்கணுமே? கேக்கலை.

வீட்டுக்கு வந்து அவ ஸ்கூலுக்குப் போனப்புறம், கதவைச் சாத்திட்டு பூரி பக்கத்துல தரையில உக்காந்தேன். "தப்பு என்னுதுதான், மன்னிச்சுக்க"ன்னேன். சர்வீஸ்ல யார்கிட்டயும் அந்த வார்த்தையைச் சொன்னதில்ல சார். ஒருதரம் டிக்கெட்டைத் தொலைச்ச பொம்பளைக்கு அபராதம் போட்டு, அது அடுத்த ஸ்டாப்புல சேலை மடிப்பிலேருந்து எடுத்து நீட்டினப்பகூட, "முன்னாடியே பாத்திருக்கணும்"னுட்டு எறங்கிப் போனவன் நான். பூரி நான் சொன்னதைக் கேட்டுச்சா இல்லையான்னு தெரியலை. என் தொடையில தலையை வச்சு நல்லாத் தூங்கிப்போச்சு. கால் மரத்துப்போச்சு, ஒரு மணி நேரம் நான் அசையலை. ஒண்ணுக்கு வந்துச்சு, அப்பவும் அசையலை. என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க. துணியை எடுத்து நானே தொடச்சேன். பூரியைக் கூப்பிடலை.

அப்புறம் இந்த ஸ்கேன். அதை எப்படி மருமகளுக்குத் தெரியாம எடுக்கிறதுன்னு நான் முழிச்சுக்கிட்டிருக்கேன், அவளே வந்து, "மாமா, எங்க ஸ்கூல்ல டீச்சர் குடும்பத்துக்கெல்லாம் இலவசமா உடம்பு சோதிக்கிறாங்க, வாங்க"ன்னா. எடத்தைக் கேட்டா இதே எடம். நேரத்தைக் கேட்டா சீட்டுல இருந்த அதே நேரம். சாமி இருக்கு சார். எனக்கு நம்பிக்கை வந்ததே அன்னிக்குத்தான்.

இந்தா வந்துட்டா. நான் சொன்னது எதையும் காட்டிக்காதீங்க, பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா எலெக்சனைப் பத்திப் பேசிக்கிட்டிருந்த மாதிரி இருங்க.

வாம்மா. எடம் கெடைச்சுதா? இவரு திண்டுக்கல்காரரு, கல்லாம். அது என்ன பையி? மாத்து வேட்டியா? எதுக்கும்மா? என்னது, மழை வந்தா நனைஞ்சுருமா? சரி சரி, கொடு. நீ போயி அந்தப் பொண்ணுகிட்ட நம்பர் எப்ப வரும்னு கேளு.

பாத்தீங்களா சார்? வெளிய சித்திரை வெயில் மண்டையைப் பொளக்குது. ஒரு பொட்டு மேகம் இல்ல. ஸ்கேன் எடுக்க வந்த எடத்துல, கூரைக்குக் கீழ உக்காந்திருக்கிறவனுக்கு மழையாம். வேண்டாம்னு சொல்லியிருப்பேன். வாங்கலைன்னா அவ மனசு சங்கடப்படும் சார். அதான் வாங்கி மடியில வச்சுக்கிட்டேன்.